ஐம்பத்து நான்கும் ஐம்பத்தைந்தும்

எங்கள் குடியிருப்பின் வீடுகள் அனைத்தும் ஒரே அளவாக இருந்த காலம் ஒன்று உண்டு. மேற்கே சோடா ஆலை, கிழக்கே கடல், நடுவே கிடந்த மணற்பரப்பில், ஆலையின் முதல் பொறியாளர் வரைந்த ஒரே வரைபடத்தின்படி, ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுக்களை என நூற்றுப் பதினெட்டு வீடுகள் எழுந்தன. வடக்கிலிருந்து தெற்காக ஏழு வரிசைகள். முதல் வரிசையில் மேற்கு மூலைக்கு ஒரு வீடு, கிழக்கு மூலைக்கு ஒரு வீடு, அவ்வளவே. இரண்டாம் மூன்றாம் வரிசைகளில் மேற்கே இரண்டிரண்டு, கிழக்கே ஆறாறு. நடுவில் பாறை கிடந்தமையால் அதை உடைக்க மனமின்றி விட்டுவிட்டனர், அங்கே பிள்ளைகள் பந்தாடினர். நான்காம் வரிசையிலிருந்து பதினெட்டுப் பதினெட்டு. ஆறாம் ஏழாம் வரிசைகளில் இடம் போதாமற்போகவே, ஒவ்வொன்றிலும் பதினைந்து வீடுகளைப் பிரித்துக் கழிவுநீர் ஓடைக்கு அப்பால் தனியே இரண்டு வரிசைகளாக வைத்தனர். இலக்கங்கள் வடமேற்கு மூலையில் தொடங்கிக் கிழக்கே ஓடி, வரிசை முடிந்ததும் மறுபடியும் மேற்கு ஓரத்துக்கு வந்து அடுத்த வரிசையைப் பிடித்தன. ஆகவே ஐந்தாம் வரிசையின் கிழக்குக் கடைசியில் கடலைப் பார்த்து நின்ற வீடு ஐம்பத்து நான்கு. ஆறாம் வரிசையின் மேற்குத் தொடக்கத்தில் ஆலைச் சாலையைப் பார்த்து நின்ற வீடு ஐம்பத்தைந்து. பதிவேட்டில் அவை அடுத்தடுத்த வரிகள். தரையில் அவற்றுக்கு இடையே குடியிருப்பின் முழு அகலமும் கிடந்தது.

அளவுகள் மாறிவிட்டன என்பதை முதலில் அறிந்தவர், ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் சுவர்களுக்கு வெள்ளையடித்த மாசிலாமணி. வீட்டுக்கு இரண்டரை வாளிச் சுண்ணாம்பு என்பது அவர் இருபது ஆண்டுகளாக வைத்திருந்த கணக்கு. அந்த ஆண்டு அவர் குடியிருப்பு அலுவலகத்தில் எழுத்தர் நெல்லையப்பனின் மேசை முன்னால் நின்று சொன்னார்: “ஐயா, மேற்க உள்ள வீடு நாலு வாளி குடிக்குது. கிழக்க போகப் போக ஒன்றரை வாளியில முடிஞ்சுருது. தெக்க ஒரு வரிசை இறங்கினா மறுபடியும் கூடுது.”

“வாளியில ஓட்டை இருக்கான்னு பாரும்வே,” என்றார் நெல்லையப்பன், பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமல். அவர் பேருந்தில் வந்து பேருந்தில் போகிறவர். குடியிருப்புக்குள் ஒருநாளும் நடந்தவர் அல்லர்.

வாளியில் ஓட்டை இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் மேற்கு வீடு பெருத்தும், கிழக்கே செல்லச் செல்ல ஒவ்வொரு வீடும் முந்தியதைவிட ஒரு விரல், இரு விரல் குறுகியும், ஒவ்வொரு வரிசை தெற்கே இறங்க இறங்க முழு வரிசையும் ஒரு சுற்றுப் பருத்தும் இருந்தன. இதை நாங்கள் பார்த்தோம், பார்த்த பிறகு செய்ய வேண்டியதைச் செய்தோம். கிழக்கே போகிறவர்கள் வாசலில் தலையைக் குனிந்துகொள்ளப் பழகினர். கலியாணப் பந்திகள் தென்மேற்கு வீடுகளின் கூடங்களுக்கு மாறின. கட்டில் செய்யும் தச்சர் முதலில் வீட்டு இலக்கத்தைக் கேட்டார், பிறகே மரத்தைத் தொட்டார். ஓடைக்கு அப்பாலிருந்த முதல் வரிசையின் பதினைந்து வீட்டார் மட்டும் தங்கள் வீடு மாறவில்லை என்றே நெடுநாள் சாதித்தனர். அங்கே குறுக்கம் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் தெரியாத அளவில் நிகழ்ந்து, பதினைந்தாம் வீட்டில்தான் ஓர் அலமாரி உள்ளே நுழைய மறுத்தது.

அளவோடு நின்றிருந்தால் சுண்ணாம்போடு போயிருக்கும். வீடுகள் தம்மிடம் இருப்பதைப் பிடித்துவைக்கும் வலிமையும் அளவோடு சேர்ந்து மாறியிருந்தது. தென்மேற்கின் பெரிய வீடுகளில் எதுவும் தங்கவில்லை. சாவி, அகப்பை, கோழி, தலையில் வைத்த பூவின் மணம், நாவில் அடக்கிய இரகசியம் என எல்லாம் ஓரத்துக்கு நகர்ந்து, வாசலைக் கடந்து, போய்விட்டன. விக்கல் நிற்காதவர்களையும், விட முடியாத பொடிப்பழக்கம் உள்ளவர்களையும் அங்கே கொண்டுவந்து அரைநாள் உட்காரவைத்தோம். அவர்கள் வெறுங்கையோடும் நிம்மதியோடும் திரும்பினர். வடகிழக்கில் இதற்கு மாறாக எல்லாம் இழுபட்டன. ஒன்பதாம் வீட்டு ஞானப்பூ, தன் வீட்டுச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்ட அயலார் துணிகளையும் செய்தித்தாள்களையும் பந்துகளையும் ஒவ்வொரு காலையும் பெட்டியில் அடுக்கி வாசலில் வைத்து, “யாருதுன்னு பாத்து எடுத்துக்கிடுங்க, நான் ஒன்னும் திருடல,” என்று சொல்லிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

கிழக்கு ஓரத்தில் வடக்கு தெற்காக நின்ற கடைசி நிரை வீடுகளோ எதையும் இழுக்கவில்லை, எதையும் இழக்கவும் இல்லை. அங்கே கதவுகள் சாத்தியிருந்தன. கொடைவிழாவுக்கு வரி கேட்டு எவரும் அங்கே போகவில்லை. போனாலும் கேட்க வந்தது மறந்துவிடும். அங்கே தரையில் விழுந்த குண்டூசி பத்து ஆண்டுகள் கழித்தும் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

இதற்கெல்லாம் பெயர் சொன்னவர், ஆலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்த லூர்துமேரி டீச்சர். ஒன்பதாம் வீட்டை நோக்கிப் பறந்த தம் சேலை நீர்த்தொட்டியின் உச்சிப்படியில் சிக்கிக்கொள்ள, அதை எடுக்க ஏறியவர் அங்கிருந்து கீழே பார்த்து, இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தாம் வகுப்பில் மாட்டிய தனிம அட்டவணையைத் தரையில் கண்டார். இறங்கிவந்து, குழாயடியில் நின்ற பெண்களிடம் அவர் பொறுமையாக விளக்கினார்.

“ஒவ்வொரு அணுவுக்கும் நடுவுல ஒரு இழுப்பு உண்டு. வரிசையில கிழக்க ஒரு வீடு தள்ளினா அந்த இழுப்பு ஒன்னு கூடும். அதனால எல்லாம் உள்ள சுருங்கும். தெக்க ஒரு வரிசை இறங்கினா வெளியில ஒரு சுற்று கூடும், அதனால பெருக்கும். வெளிச்சுற்றுல இருக்கிறது நடுவுக்கு எவ்வளவு தூரமோ, அவ்வளவு லேசா கழண்டுபோகும். மேற்கு ஓரத்து வீடு ஒவ்வொன்னுலயும் அப்படி ஒன்னே ஒன்னு வெளியில நிக்கும். கிழக்க, கடைசிக்கு முந்தின வீடுகள்ல ஒன்னே ஒன்னு குறையும். கடைசி வீடுகள்ல எல்லாம் நிறைஞ்சிருக்கும்.”

“அதெல்லாம் சரி டீச்சர்,” என்றாள் முப்பத்தேழாம் வீட்டுச் சேர்மத்தாய், “இத தபால்காரர்ட்ட யாரு சொல்லுவா? என் கடுதாசி எல்லாம் ஞானப்பூ வீட்டுல போயி ஒட்டிக்கிடுது.”

“ஒன்னே ஒன்னு” என்று டீச்சர் சொன்னது எதை என்பது, சேர்மத்தாயின் வீட்டிலேயே முதலில் தெரிந்தது. அவள் கொழுந்தன் ஒருநாள் மதியச் சோற்றை முடித்துக் கைகழுவ எழுந்தவன், கழுவிய கையை உதறிக்கொண்டே, வாசலில் உலரப் போட்டிருந்த தன் பாயைக் கக்கத்தில் எடுத்துக்கொண்டு கிழக்கு நோக்கி நடந்து, ஒரு வரிசை வடக்கே ஏறி, முப்பத்தைந்தாம் வீட்டில் நின்றான். அங்கே நால்வர் இருந்தனர். நெடுங்காலமாகவே பழக்கத்தில் ஐந்து தட்டுகள் வைத்து வந்தனர். அவன் ஐந்தாம் தட்டின் முன் உட்கார்ந்தான். சண்டையில்லை, கோபமில்லை. சேர்மத்தாயின் வீடு அன்றே மூன்று முழம் சுருங்கியது; முப்பத்தைந்தாம் வீடு அதே அளவு விரிந்தது. பிறகு பதினொன்றாம் வீட்டிலிருந்து ஓர் அத்தை போனாள், பத்தொன்பதிலிருந்து ஒரு மருமகன். இதற்கும் நாங்கள் ஒரு முறைமை வகுத்துக்கொண்டோம். ஒருவர் ஓரத்துக்கு நகர்கிறார் என்று தெரிந்தவுடன், வீட்டார் அவர் படுக்கும் பாயைச் சுருட்டி வாசற்படியில் வைத்துவிட வேண்டும். போகிறவர் போகும்போது அதைக் கக்கத்தில் எடுத்துக்கொள்வார். பாயைச் சுருட்டுவதே சம்மதம். திரும்ப அழைப்பது வழக்கமில்லை.

ஐம்பத்தைந்தாம் வீட்டில் செல்லக்கனி இருந்தாள். மூட்டை கட்டும் பிரிவில் வேலை. ஆலையின் அமிலத் தொட்டியில் கணவன் இறந்த பிறகு அவளுக்குக் கொடுக்கப்பட்டது அந்த வேலை, அதனோடு வந்தது அந்த வீடு. அதற்கும் தெற்கே இருந்த எண்பத்தேழாம் வீடு அளவுகள் மாறிய ஆண்டிலேயே ஒருநாள் அரைமணிக்குள் பாதியாகிப் பின் அதிலும் பாதியாகி இல்லாமற்போய்விட்டமையால், நிற்கின்ற வீடுகளுள் யாவற்றினும் பெரியதும், யாவற்றினும் எதையும் தங்கவிடாததும் செல்லக்கனியின் வீடே. சித்திரை வெயிலில் அதன் தரை கைச்சூட்டுக்கே இளகியது. அவளிடமிருந்து கோழிகள் போயின, செம்புக்குடம் போயிற்று, கணவனின் புகைப்படம் ஆணியோடு போயிற்று. எஞ்சியிருந்தது பதினொரு வயது மகள் பூமயில்.

செல்லக்கனி அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் மகளின் பதில் கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது, பிறகு அது வாசலிலிருந்து வந்தது, பிறகு தெருவிலிருந்து. காலையில் எழுந்து பார்த்தால், அருகருகே விரித்த இரண்டு பாய்களுக்கும் இடையே நான்கு அடித் தரை கிடந்தது. அடுத்த வாரம் ஒன்பது அடி.

“ஏட்டி, எங்க இருக்க?”

“இங்கதாம்மா இருக்கேன். நீதான் தள்ளிப் போற.”

செல்லக்கனி தன் சேலைத் தலைப்பை மகளின் கையில் முடிந்து பார்த்தாள். முடிச்சு தானே அவிழ்ந்தது. அந்த வீட்டில் முடிச்சும் நிற்பதில்லை.

“பாயச் சுருட்டி வச்சிரு செல்லக்கனி,” என்றாள் சேர்மத்தாய். “எங்கயும் அடுத்த ஊருக்கா போறா? இந்தா, அஞ்சாம் வரிசை. அம்பத்து மூணுல இருதயராஜும் பாக்கியமும் தங்கமான ஆளுக. அந்த வீட்டு இழுப்பும் லேசு, ஒன்பதாம் வீடு மாதிரி பிடுங்கிக்கிடாது. நித்தம் பாத்துக்கிடலாம்.”

“ஒனக்குக் கொழுந்தன் போனான். புருசன் இருக்காரு, மாமியா இருக்கா, மூணு பிள்ளைக இருக்கு,” என்றாள் செல்லக்கனி. “நீ பாயும் சுருட்டுவ, பந்தலும் போடுவ.”

சேர்மத்தாய் குழாயை அடைத்தாள். அவளுடைய குடம் நிறைந்திருந்தது.

அந்த வாரம்தான் பரமார்த்தலிங்கம் ஐம்பத்தைந்தாம் வீட்டு வாசலுக்கு வந்தார். ஆலையின் எடைமேடையில் லாரிகளை நிறுக்கும் வேலை அவருக்கு. ஐம்பத்து நான்காம் வீட்டில் தனியாக இருந்தார். கடைசி நிரைக்காரர் ஒருவர் இன்னொருவர் வாசலில் நிற்பதை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. அவர் கையில் வீடு மாற்றிக்கொள்வதற்கான கூட்டு விண்ணப்பம் இருந்தது. இரண்டு ஊழியர் ஒப்பினால் வீட்டை மாற்றிக்கொள்ள ஆலை அனுமதிக்கும்.

“எங்கிட்ட எதுவும் வேணும்னு வந்தியளா அண்ணாச்சி?” என்று கேட்டாள் செல்லக்கனி.

“எனக்கு வேண்டியது ஒன்னும் இல்ல தாயி. போக வேண்டியதுதான் ஒன்னு இருக்கு.”

அவர் மனைவி இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐம்பத்து நான்காம் வீடு எதையும் விடாத வீடாகையால், அவளுடைய இருமல் இன்னும் அறையின் மேற்கு மூலையில் இருந்தது, சீப்பில் முடி இருந்தது, அவர் வேலை முடிந்து கதவைத் திறக்கும் ஒவ்வொரு மாலையும் அவளுடைய குரல், எட்டு ஆண்டுகளுக்கு முன்பு கேட்ட அதே தொனியில், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டது. அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மறுநாளும் கேட்டது.

“ஒங்க வீட்டுல எதுவும் தங்காதுன்னாங்க,” என்றார் அவர். “எங்க வீட்டுல எதுவும் போகாது. ஒங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

செல்லக்கனி அன்றே கையெழுத்திட்டாள். நெல்லையப்பன் விண்ணப்பத்தைப் பார்த்தார், ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து, பதிவேட்டைப் பார்த்தார், அடுத்தடுத்த வரிகள். “சுவரு ஒன்னு, வாசல் ரெண்டு. இதுக்கு எதுக்கு விண்ணப்பம், இதுக்கு எதுக்கு லாரி? கையில தூக்கி வச்சிருங்க,” என்று லாரிக் கோரிக்கையை அடித்துவிட்டு ஒப்பமிட்டார். ஆகவே இரண்டு குடும்பத்தின் சாமான்களையும் நாங்களே தலையில் சுமந்து, குடியிருப்பின் அகலத்தை ஒருநாள் முழுவதும் குறுக்கே கடந்தோம்.

லூர்துமேரி டீச்சர் மட்டும் பதினான்காம் வீட்டு வாசலில் நின்று, செல்லக்கனி கடந்தபோது அவள் தலையிலிருந்த அரிசிப்பானையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு சொன்னார்: “அம்பத்தஞ்சுங்கிறது வேற ஒன்னும் இல்ல செல்லக்கனி. அம்பத்து நாலோட ஒருத்தி கூடுதல், அவ்வளவுதான். அந்த ஒருத்தி போயிட்டா அதுவும் அம்பத்து நாலு மாதிரிதான் ஆகும். நீ எதுக்குத் தப்பிச்சு எங்க போறன்னு யோசி.”

“என் பிள்ள எங்கூட இருக்கணும் டீச்சர். வேற யோசன இல்ல.”

ஐம்பத்து நான்காம் வீடு சிறியது. இரண்டு பாய்களை விரித்தால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. செல்லக்கனி அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். பதில் அவள் முழங்கையருகே வந்தது. அவள் மறுபடியும் கூப்பிட்டாள், காரணமின்றி, பதிலைக் கேட்பதற்காகவே. முதல் மாதம் முழுவதும் அவள் மூட்டைப் பிரிவில் பாடிக்கொண்டே சணல் தைத்தாள் என்றும், தையல் நேராக இருந்தது என்றும் உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

இரண்டாம் மாதத்தில் பூமயில் தோசைக்கு இன்னொரு கரண்டிச் சட்டினி கேட்பதை நிறுத்தினாள். பிறகு தோசை கேட்பதை நிறுத்தினாள். வைத்தால் தின்றாள், வைக்காவிட்டால் வைக்கவில்லை என்று சொல்லவில்லை. பாறைத்திடலில் பந்தாடும் பிள்ளைகள் சன்னலுக்கு வந்து அழைத்தபோது அவர்களை நல்ல முகத்தோடு பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவள் நோயுற்றிருக்கவில்லை, கண்கள் தெளிவாக இருந்தன, கைகால்கள் உறுதியாக இருந்தன. அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“என்னட்டி வேணும் ஒனக்கு? சேமியா காய்ச்சட்டுமா?”

“ஒன்னும் வேண்டாம்மா.”

“கடலுக்குப் போவமா?”

“கடல் இங்கயே தெரியுதே.”

மாலைதோறும் ஆறு மணிக்குக் கூடத்தின் நடுவிலிருந்து பரமார்த்தலிங்கத்தின் மனைவியின் குரல், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டது, அந்த வீட்டை அது விட்டுப்போகவில்லை. முதலில் செல்லக்கனி, “ஆச்சுக்கா,” என்று மரியாதைக்குப் பதில் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டாள். எப்போது விட்டாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, சேலை மாற்றி, சோறு வடித்து, உண்டு, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். வைத்த பிறகு, தான் வந்தது முதல் மகள் வீட்டில் இருக்கிறாளா என்று பார்க்கவில்லை என்பதைக் கண்டாள். மகள் அங்கேதான் இருந்தாள், இரண்டடித் தொலைவில், சுவரோரம், ஊசி விழுந்த இடத்திலேயே கிடப்பதுபோல. செல்லக்கனிக்கு அழுகை வரவேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. அந்த வீடு அதையும் வெளியே விடவில்லை.

அந்த வேளையில் வாசலில் நிழல் விழுந்தது. பரமார்த்தலிங்கம் நின்றார். அவர் முகம் மிக அமைதியாக இருந்தது, துடைத்து வைத்த தட்டைப்போல.

“அண்ணாச்சி, எப்படி இருக்கிய?”

“நல்லா இருக்கேன் தாயி. எல்லாம் போயிருச்சு. முதல்ல இருமல் சத்தம் நெனைப்புல இருந்து போச்சு. பொறவு அவ நடந்து வர்றது போச்சு. பொறவு மொகம் போச்சு.” அவர் கையைப் பிசைந்தார். “எட மேடையில இன்னைக்கு ஒருத்தன், சம்சாரம் பேரு என்னன்னு ஏதோ காகிதத்துக்குக் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல. இங்க எங்கயாவது எழுதி வச்சிருக்கான்னு பாக்கலாம்னு வந்தேன்.”

செல்லக்கனி அடுக்களைச் சுவரைப் பார்த்தாள். அங்கே, பால்கணக்குக் கரிக்கோடுகளுக்கு மேலே, எட்டு ஆண்டுகளாக அழியாமல், ஒரு பெண்ணின் கையெழுத்தில் ஒரு பெயர் இருந்தது.

“ஆவுடைத்தாய்,” என்று படித்தாள்.

அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அது அவருக்கு யாருடைய பெயராகவும் இல்லை. மணி ஆறாயிற்று. கூடத்தின் நடுவிலிருந்து குரல், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டது, அவர் வாசலைத் தாண்டாமல் நின்று, யாரோ யாரையோ கேட்பதைக் கேட்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார், கண்களிலிருந்து நீர் மட்டும் காரணம் அறியாமல் இறங்கிற்று.

செல்லக்கனி அவரைப் பார்த்தாள், சுவரோரம் இருந்த மகளைப் பார்த்தாள். டீச்சர் சொன்னது அப்போது அவளுக்கு விளங்கியது. போக விடுவதைப் பற்றியே அஞ்சியிருந்தவள், மகளை இழப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு என்பதையும், இரண்டாவதை மூன்று மாதமாகத் தானே பாய் விரித்துச் செய்துகொண்டிருப்பதையும் கண்டாள். அந்த அறிவு அந்த வீட்டில் நெடுநேரம் வலிக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆகவே அது வலித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்தாள்.

“அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்கு நீங்க வாங்க. எங்க வீட்டுக்கு நாங்க போறோம்.”

“மூணு வருசத்துக்கு மறுபடி மாத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கே.”

“சட்டத்துக்கு ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுதான,” என்றாள் செல்லக்கனி.

அவர் உள்ளே நுழைந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்தார். மறுநாள் மாலை அந்தக் குரல் கேட்டபோது, “இல்ல, இனிமேத்தான்,” என்று அவர் பதில் சொன்னதைத் தெருவில் போனவர்கள் கேட்டனர். பதிவேட்டில் அவர் பெயர் இன்றும் ஐம்பத்தைந்துக்கு நேரேதான் இருக்கிறது.

ஐம்பத்தைந்தாம் வீட்டின் வாசலைக் கடந்து நான்கு அடி நடப்பதற்குள் பூமயில், “அம்மா, பசிக்குது,” என்றாள். செல்லக்கனி தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்த வீட்டில் அது தடையின்றி வந்தது. பிறகு பதினேழு நாள்கள் அவர்கள் இருவரும் வாழ்ந்தார்கள். பூமயில் எல்லாவற்றையும் கேட்டாள்: சேமியா கேட்டாள், ஊதா நிற வளையல் கேட்டாள், அப்பா எப்படிச் சிரிப்பார் என்று கேட்டாள், ஒரு தேங்காய் முழுவதையும் தான் மட்டும் தின்ன வேண்டும் என்று கேட்டாள். செல்லக்கனி விடுப்பெடுத்துக்கொண்டு ஒன்றையும் மறுக்காமல் செய்தாள். காலைதோறும் பாய்களுக்கு இடையே தரை கூடிக்கொண்டே போயிற்று. ஒன்பது அடி, பதினான்கு, இருபத்திரண்டு. அவள் அதை அளப்பதை நிறுத்தினாள்.

“பாயச் சுருட்டிட்டியா?” என்று சேர்மத்தாய் கேட்டாள், இம்முறை மெதுவாக.

“நாளைக்குச் சுருட்டுதேன் மைனி.”

அந்த நாளை வரவில்லை. பதினேழாம் நாள் பிற்பகலில், செல்லக்கனி மகளின் தலையைப் பின்னி முடித்து நாடாவைக் கட்டியபோது, நாடா கட்டுக்குள் நின்றது; அந்த வீட்டில் முதன்முறையாக ஒரு முடிச்சு நின்றது. பூமயில் எழுந்தாள்.

“அம்மா, போயிட்டு வரட்டா?”

எங்கள் முறைமைப்படி அதற்குப் பதில் இல்லை; பாய்தான் பதில். பாய் விரித்தபடியே கிடந்தது. செல்லக்கனி, “பாத்துப் போ மக்கா. வெயில்ல நடக்காத, ஓரமா போ,” என்றாள்.

நாங்கள் வாசல்களில் நின்றோம். அவள் வெறுங்கையோடு போனாள். கக்கத்தில் பாய் இல்லாமல் போன ஒருத்தி அவள்தான். ஒரு வரிசை ஏறி, நிழல்கண்ட ஓரமாகவே நடந்து, கடைசிக்கு முந்தின நிரையில், ஊதாச் சேலை கட்டிய பாக்கியம் கதவைப் பிடித்தபடி ஏங்கி நின்ற ஐம்பத்து மூன்றாம் வீட்டுக்குள் நுழைந்தாள். அந்த வீடு பெருமூச்சு விட்டதுபோல் விரிந்தது. ஐம்பத்தைந்தாம் வீடு சுருங்கும் ஒலியை நாங்கள் கேட்டோம். கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும் ஒலி.

மறுநாள் செல்லக்கனி பாயைக் கொண்டுபோய்க் கொடுக்கக் குனிந்தாள். பாய் தரையை விட்டு வரவில்லை. சேர்மத்தாயும் அவள் கணவனும் இழுத்தனர். பிறகு மூட்டைப் பிரிவில் நூறு கிலோ தூக்கும் நால்வர் இழுத்தனர். கோரையில் ஒரு நார்கூடப் பிரியவில்லை. அதற்கு முன் போனவர்கள் அனைவருடைய பாயும் முன்னதாகவே வாசலுக்கு வந்துவிட்டமையால், ஒன்றை இழந்த மேற்கு வீடு இரண்டாவதை எத்துணை வலிமையோடு பிடித்துக்கொள்ளும் என்பது எங்களுக்கு அன்றுவரை தெரியாது. இருதயராஜ் புதிய பாய் வாங்கினார்.

அடுத்த பொங்கலுக்கு மாசிலாமணி வந்தார். பரமார்த்தலிங்கத்தின் வீட்டுக்கு ஒன்றேகால் வாளி பிடித்தது. டீச்சர் சொல்லியிருந்தபடி, ஒருத்தி போன பிறகு ஐம்பத்தைந்தும் அதே அளவுதான் இருக்கும் என்று கருதி, அதே ஒன்றேகால் வாளியைக் கலக்கிக்கொண்டு செல்லக்கனியின் வீட்டுக்கு வந்தார். ஒரு வாளி தீர்வதற்குள்ளேயே, கடைசிச் சுவரின் அடிப்பகுதி தவிர எல்லாம் முடிந்துவிட்டன. அவர் மீந்த சுண்ணாம்பைப் பார்த்தபடி நின்றார். வாசலில் வந்து நின்ற லூர்துமேரி டீச்சரும் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே மாதிரி ஆகும்னுல்லா சொன்னிய டீச்சர்? இது அதவிடச் சின்னதா இருக்கு.”

டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்தார். “வெளியில ஒன்னுதான போச்சு,” என்றார். “நடுவுல இருந்த இழுப்பு கொறையலயே, அது அம்பத்து நாலவிட ஒன்னு கூடத்தான. அத நான் சொல்லாம விட்டுட்டேன்.”

மாசிலாமணி கடைசிச் சுவரின் அடிப்பகுதிக்குக் குனிந்தார். அங்கே, கூடத்தின் ஓரத்தில், விரித்தபடி பாய் கிடந்தது. சுண்ணாம்பு தெறிக்குமே என்று அதன் நுனியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். இரு கைகளாலும் பார்த்தார். நிமிர்ந்து மூச்சு வாங்கினார்.

“தாயி, என்னது இது, யாரு பிடிச்சு இழுக்கா இத?”

செல்லக்கனி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “நான்தான் அண்ணாச்சி. விட்டுட்டு அடிங்க,” என்றாள், பிறகு கிழக்கே பார்த்து, கூவாமல், பக்கத்தில் இருப்பவளை அழைக்கும் குரலில், “பூமயிலு,” என்றாள்.

ஐம்பத்து மூன்றாம் வீட்டில், புதிய பாயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சிறுமி, எழுதுவதை விட்டு எழுந்து, மேற்குச் சன்னலுக்கு வந்து நின்றாள். ஏன் எழுந்தாய் என்று பாக்கியம் கேட்டாள். தெரியவில்லை என்றாள் அவள். மாசிலாமணி பாயைச் சுற்றிக் கவனமாக வெள்ளையடித்தார். ஒரு துளியும் அதன்மேல் விழவில்லை.